காலில் ஒரு வளையம்: வழி தவறிய பந்தயப் புறாக்களின் வரலாறு

2023 மே மாதம். மும்பை செம்பூர்ப் பகுதியில் உள்ள படகுத்துறை ஒன்றில் ஒரு புறா பிடிபட்டது. அதன் கால்களில் இரண்டு வளையங்கள் இருந்தன. இறகின் அடிப்பக்கத்தில் சீன எழுத்தைப் போல ஏதோ எழுதியிருந்தது. உள்ளூர்க் காவல் நிலையம் உளவு பார்த்ததாகச் சந்தேகித்து வழக்குப் பதிந்தது. புறாவை விலங்கு மருத்துவமனைக் கூண்டில் அடைத்தார்கள். அதற்கு நோய் எதுவும் இல்லை, அது வழக்குச் சொத்து, அவ்வளவுதான். எட்டு மாதம் கழித்து, 2024 ஜனவரி 30 அன்று அது பறக்கவிடப்பட்டது. தைவான் நாட்டில் கடல்மேல் நடக்கும் புறாப் பந்தயத்தில் பறந்து, வழி தவறி, இந்தியக் கரைக்கு வந்து சேர்ந்த பந்தயப் புறா அது என்று விசாரணையில் தெரிந்தது.

செய்தியைப் படித்தவர்கள் சிரித்தார்கள். மீம் போட்டார்கள். நானும் முதலில் சிரித்தேன். பிறகு ஒரு கேள்வி மனதில் தங்கிவிட்டது. அந்தக் காலில் இருந்த வளையம் எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது? "இது இன்னாருடையது, வழி தவறினால் தயவுசெய்து தெரிவியுங்கள்" என்று சொல்வதற்காக. வீட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று மாட்டிய அடையாளமே எப்படி எட்டு மாதச் சிறைக்குக் காரணம் ஆனது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

புறாவை வளர்த்தவர்கள் யார்?

எங்கே கொண்டுபோய் விட்டாலும் தன் கூண்டுக்கே திரும்பிவரும் புறாவை மனிதர்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக அறிவார்கள். சூரியனின் நிலை, பூமியின் காந்தப்புலம், காற்றில் வரும் வாசனை, கண்ணுக்குப் பழகிய ஆறு, சாலை எல்லாவற்றையும் வைத்து அது வழி கண்டுபிடிக்கிறது. இன்று நாம் பார்க்கும் பந்தயப் புறா உருவானது 19ஆம் நூற்றாண்டு பெல்ஜியத்தில். பல வகைப் புறாக்களைக் கலந்து, வேகமும் தாங்கும் சக்தியும் உள்ள ஒரு பறவையை அங்கே உருவாக்கினார்கள். அதன் திறமையைப் பணக்காரர்களும் சீக்கிரமே பயன்படுத்திக்கொண்டார்கள். 1850இல் ராய்ட்டர் என்னும் செய்தி வியாபாரி, தந்திக் கம்பி இல்லாத ஆஹன் - பிரஸ்ஸல்ஸ் இடைவெளியில் பங்குச் சந்தை விலைகளைப் புறாக்களின் காலில் கட்டித்தான் அனுப்பினார். இன்றைய ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் தொடக்கக் கதை இது.

பெல்ஜியத்திலிருந்து பந்தயம் இங்கிலாந்தின் வடபகுதிக்கும் வேல்ஸ், ஸ்காட்லாந்து நிலக்கரி ஊர்களுக்கும் போனது. ஜெர்மனியில் ரூர் நிலக்கரிப் பகுதிக்கும் போனது. அங்கெல்லாம் புறாவுக்கு ஏறத்தாழ ஒரே பட்டப்பெயர்தான்: ஏழையின் பந்தயக் குதிரை. குதிரை வாங்க நிலம் வேண்டும், லாயம் வேண்டும், ஆள் வேண்டும். புறா வளர்க்க வீட்டுக்குப் பின்னால் நாலடி இடமும் பழைய பலகையும் ஒரு பிடி தானியமும் போதும். ஒரு ஷிப்டு முழுவதும் பூமிக்கு அடியில் இருட்டில் குனிந்து நிலக்கரி வெட்டியவன், ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். இங்கிலாந்தின் சண்டர்லாந்து அருகே ரைஹோப் என்னும் சுரங்க ஊரில் 1950களில் கிடைத்த பலகையையும் கதவையும் வைத்துத் தொழிலாளிகள் கட்டிய ஒரு புறாக்கூண்டு, இன்று அரசின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் பட்டியலில் இருக்கிறது. கோட்டையும் மாளிகையும் இருக்கும் அதே பட்டியலில்.

1886இல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்குப் பந்தயப் புறாக்களைப் பரிசளித்தார். அரண்மனைக்கும் கூண்டு வந்தது. இந்த லியோபோல்டுதான் காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக வைத்துக்கொண்டு, ரப்பருக்காக அந்த மக்களைக் கொன்று குவித்த ஆள். புறாவின் வரலாறு எழுதுகிறவர்கள் பலரும் பரிசை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நாம் இரண்டையும் சேர்த்தே எழுதி வைப்போம்.

வளையம் வந்த கதை

அக்காலத்தில் பந்தயம் நடந்த முறை எளிமையானது. எல்லாருடைய புறாக்களையும் கூடையில் அடைத்து ரயிலில் ஏற்றுவார்கள். நூறு, இருநூறு மைல் தள்ளி ஒரு ஸ்டேஷனில் அங்குள்ள ரயில்வே தொழிலாளி கூடையைத் திறந்துவிட்டு, திறந்த நேரத்தைக் குறித்து, காலிக் கூடையைத் திருப்பி அனுப்புவார். ஒவ்வொரு புறாவும் தன் தன் கூண்டுக்குப் பறக்கும். கூண்டுகளின் தூரம் வேறு வேறு என்பதால், யார் முதலில் வந்தார் என்று பார்ப்பதில்லை. தூரத்தை நேரத்தால் வகுத்து வேகத்தைக் கணக்கிடுவார்கள். எல்லாருடைய புறாவும் ஒன்றாகவே திறந்துவிடப்படுகிறது. ஒருவன் சொன்ன கணக்கை இன்னொருவன் நம்பினால்தான் இந்தப் பந்தயமே நடக்கும். அந்த நம்பிக்கைக்கு ஒரு அமைப்பு தேவைப்பட்டது.

1896இல் இங்கிலாந்தில் தேசிய ஹோமிங் யூனியன் தொடங்கியது. பெயரிலேயே யூனியன். விதிகளை எழுதினார்கள், பதிவேடு வைத்தார்கள், குஞ்சுகளுக்கு எண் கொடுத்தார்கள். பிறந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் குஞ்சின் மூன்று முன்விரல்களைச் சேர்த்துப் பிடித்து, மூட்டு இல்லாத ஒரு சிறு உலோக வளையத்தை நுழைப்பார்கள். ஒரு வாரம் தவறினால் வளையம் நுழையாது. கால் வளர்ந்துவிட்டால் வெட்டாமல் கழற்ற முடியாது. அந்த வளையத்தில் அமைப்பின் பெயர் எழுத்துகள், பிறந்த ஆண்டு, தனி எண் இருக்கும். ஆயுள் முழுவதும் அதுதான் அதன் முகவரி.

வடஇந்தியாவின் கபூதர்பாசியில் வேறு மரபு. டெல்லி மொட்டைமாடிகளில் எதிராளியின் புறாவைத் தன் கூட்டத்தோடு கலக்கவைத்து, ஆசைகாட்டி இறக்கிப் பிடித்துக்கொள்வதே ஆட்டம். பிடித்தவனுக்கே சொந்தம். ஹோமர் பந்தயத்தில் அதற்கு நேர் எதிரான அறத்தை விதியாக்கினார்கள். வேறு ஒருவருடைய புறா உன் கூண்டில் இறங்கினால், தண்ணீர் கொடு, தானியம் கொடு, வளையத்தைப் படி, தகவல் சொல். அனுப்பும் செலவு உரியவருடையது. உரியவரை நீ பார்த்திருக்க வேண்டியதில்லை. அவருடைய மொழியும் மதமும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. படிப்பும் பணமும் இல்லாதவர்கள் என்று மேல்வர்க்கம் ஒதுக்கிவைத்த மக்கள், முகம் தெரியாத ஒருவனுடைய பொருளைத் திருப்பிக் கொடுப்பதற்கு நாடு தழுவிய ஏற்பாட்டைத் தாங்களே செய்து வைத்தார்கள். வரலாற்றுப் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் கிடைப்பதே கஷ்டம்.

போர் வந்தது, புறா "தேசப்பற்று" ஆனது

1914இல் முதல் உலகப் போர் தொடங்கியதும் கொல்லைப்புறப் புறா திடீரென்று அரசாங்கத்துக்கு வேண்டியதாகிவிட்டது. பிரிட்டனில் பந்தயப் புறா வைத்திருக்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார்கள். புறாவைச் சுட்டால், காயப்படுத்தினால் ஆறு மாதம் சிறை அல்லது 100 பவுண்டு அபராதம் என்று ஊருக்கு ஊர் சுவரொட்டி ஒட்டினார்கள். சுடுபவரைக் காட்டிக்கொடுத்துத் தண்டனை வாங்கிக்கொடுத்தால் 5 பவுண்டு பரிசு என்று ஹோமிங் யூனியனும் அறிவித்தது.

அதே சட்டத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. பிரிட்டனில் வாழ்ந்த ஜெர்மானியர்களும் மற்ற "எதிரி நாட்டவர்களும்" அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாத பொருட்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. துப்பாக்கி, வாகனம், இவற்றோடு புறாவும் அதில் இருந்தது. ஒருவன் கூண்டில் இருந்தால் நாட்டுச் சேவை. பக்கத்து வீட்டுக்காரன் கூண்டில் இருந்தால் துரோகம். பறவை அதே பறவைதான். வளர்த்தவன் யார் என்பதைப் பார்த்துத் தீர்ப்பு மாறியது.

ஜெர்மன் ராணுவம் பிடித்துவைத்திருந்த பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் புறா வைத்திருப்பது உயிருக்கே ஆபத்து. பிரான்சின் லில் நகரில் 1936இல் எழுப்பிய நினைவுச் சின்னம், போரில் மடிந்த புறாக்களுக்கு மட்டுமானதல்ல, புறா வைத்திருந்ததற்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட மனிதர்களுக்கும் சேர்த்துத்தான்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் உலுக்கிய தேதி 1938 நவம்பர் 29. யூதர்களின் கடைகளையும் வழிபாட்டு இடங்களையும் உடைத்து நொறுக்கிய நவம்பர் இரவுகள் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. நாஜி உள்துறை அமைச்சகம் ஒரு உத்தரவு போட்டது: யூதர்கள் தபால் புறா வளர்க்கக் கூடாது. எத்தனையோ கொடுமைகளுக்கு நடுவில் இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் ஒடுக்குமுறை வேலை செய்யும் விதம் இதில் தெளிவாகத் தெரிகிறது. முதலில் வேலையைப் பிடுங்குவார்கள், பிறகு பள்ளிக்கூடத்தை, பிறகு பூங்காவில் உட்காரும் பெஞ்சை. கடைசியில், மாலையில் மாடியில் நின்று வானத்தைப் பார்க்கும் அந்த அரைமணி நேரத்தையும் சட்டம் போட்டுப் பிடுங்குவார்கள். எதுவும் அவர்களுக்குச் சின்னது இல்லை.

திருப்பி அனுப்பினால் மரணம்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் மக்கள் ஏறத்தாழ 2,00,000 புறாக்களைப் படைக்குக் கொடுத்தார்கள். விமானப்படை குண்டுவீச்சு விமானங்களில் அவற்றை ஏற்றிச் சென்றார்கள். 1942 பிப்ரவரியில் அப்படி ஒரு விமானம் வடகடலில் விழுந்தது. நான்கு வீரர்கள் ரப்பர்ப் படகில் உறைபனிக் குளிரில் கிடந்தார்கள். விமானத்தில் இருந்த பெண் புறா, உடம்பெல்லாம் எண்ணெயோடு, சுமார் 190 கிலோமீட்டர் பறந்து ஸ்காட்லாந்தின் டண்டி அருகே தன் கூண்டில் வந்து விழுந்தது. அதன் காலில் சேதி எதுவும் இல்லை. வளர்த்தவர் விமானப்படைத் தளத்துக்குத் தகவல் சொன்னார். விமானம் விழுந்த நேரம், புறா வந்த நேரம், காற்றின் திசை, இறகில் ஒட்டிய எண்ணெயின் பாரம் எல்லாவற்றையும் கணக்குப்போட்டு விழுந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். நால்வரும் பிழைத்தார்கள். விங்கி என்று பெயர் பெற்ற அந்தப் புறாவுக்கு 1943இல் விலங்குகளுக்கான டிக்கின் பதக்கம் கிடைத்தது. 1940களில் வழங்கிய 54 டிக்கின் பதக்கங்களில் 32 புறாக்களுக்குப் போயின.

பதக்கம் வாங்கிய புறாக்களை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. நான் இங்கே சொல்ல விரும்புவது அவற்றைத் திருப்பி அனுப்பிய மனிதர்களைப் பற்றி. 1941 முதல் 1944 வரை பிரிட்டிஷ் உளவுத்துறை "கொலம்பா" என்னும் நடவடிக்கையில் 16,000க்கும் மேற்பட்ட புறாக்களைச் சின்னப் பெட்டியில் வைத்து, சின்னப் பாராசூட் கட்டி, நாஜிகள் பிடியில் இருந்த நாடுகளின் வயல்களில் போட்டது. பெட்டிக்குள் மெல்லிய காகிதம், பென்சில், கேள்வித்தாள், கொஞ்சம் தானியம். உங்கள் ஊரில் எந்தப் படை இருக்கிறது, எழுதி அனுப்புங்கள் என்ற வேண்டுகோள்.

விடியற்காலையில் வயலுக்குப் போகும் விவசாயி அந்தப் பெட்டியைப் பார்க்கிறார். என்ன செய்யலாம்? கண்டுகொள்ளாமல் போகலாம். ஜெர்மானியரிடம் ஒப்படைக்கலாம். பசிக்காலம், குழம்பு வைத்துச் சாப்பிடலாம். சேதி எழுதி அனுப்பினால், மாட்டிக்கொண்டால், உயிர் போகும். ஏறத்தாழ ஆயிரம் சேதிகள் லண்டன் வந்து சேர்ந்தன. பெல்ஜியத்தில் லிக்டர்வெல்டே என்னும் ஊருக்கு வந்து சேர்ந்த ஒரு புறாவின் காலில், ஜோசப் ராஸ்கின் என்னும் பாதிரியாரும் ஒரு மளிகைக்கடைக் குடும்பமும் சேர்ந்து தயாரித்த சேதி போனது. பொடி எழுத்தில், வரைபடங்களோடு, படைகளின் இருப்பிடம் முழுவதும் அதில் இருந்தது. அந்தச் சேதி சர்ச்சில் கைவரைக்கும் போனது. ராஸ்கின் பின்னர் கைதாகி 1943இல் கொல்லப்பட்டார்.

வராத புறாக்கள்தான் அதிகம். 1982இல் இங்கிலாந்தின் பிளெச்சிங்லி என்னும் ஊரில் ஒரு வீட்டுப் புகைபோக்கியைச் சுத்தம் செய்தபோது ஒரு புறாவின் எலும்புக்கூடு விழுந்தது. காலில் சிவப்புக் குப்பி, அதற்குள் சங்கேத எழுத்தில் ஒரு சேதி. 2012இல் உளவு அமைப்பின் நிபுணர்கள் முயன்றும் அதை வாசிக்க முடியவில்லை. போர் முடிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும், யாரோ ஒரு சிப்பாய் யாருக்கோ சொல்ல நினைத்தது அந்தக் காலிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது.

பணம் நுழைந்த பிறகு

கதையை இனிப்பாக மட்டும் சொல்லக் கூடாது. 1997 ஜூன் 29 அன்று, அந்தப் பழைய யூனியனின் நூற்றாண்டைக் கொண்டாட பிரான்சின் நான்ட் நகரிலிருந்து 60,000க்கும் மேற்பட்ட புறாக்களைத் திறந்துவிட்டார்கள். சில ஆயிரம் மட்டுமே உரிய நேரத்தில் வீடு திரும்பின. அந்த நேரத்தில் ஆங்கிலக் கால்வாய்க்கு மேல் போன கான்கார்டு விமானத்தின் ஒலி அதிர்ச்சி, புறாக்கள் வழிகாண நம்பியிருக்கும் தாழ்ஒலியைக் குழப்பியிருக்கலாம் என்று ஹாக்ஸ்ட்ரம் என்னும் அமெரிக்க நிலவியலாளர் ஒரு விளக்கம் சொன்னார். காரணம் எதுவாக இருந்தாலும், ஆயிரக்கணக்கான பறவைகள் எங்கெங்கோ கூரைகளில் களைத்து விழுந்தன என்பது மட்டும் உண்மை.

சுரங்கங்கள் மூடப்பட்டன. தொழிலாளியின் கொல்லைக் கூண்டுகள் குறைந்தன. பந்தயம் கோடீஸ்வரர்கள் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 2020 நவம்பரில் நியூ கிம் என்னும் பெல்ஜியப் பெண் புறாவைச் சீனாவிலிருந்து ஒருவர் 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் எடுத்தார். நம் பணத்தில் ஏறத்தாழ 14 கோடி ரூபாய். தைவானில் நடுக்கடலில் கப்பலிலிருந்து புறாக்களைத் திறந்துவிடுகிறார்கள். சூதாட்டப் பணம் பெரியது, உயிரோடு திரும்பும் புறாக்கள் மிகக் குறைவு. அங்கே பறவைகளை வலைபோட்டுப் பிடித்து, உரியவரைக் கூப்பிட்டுப் பணயத்தொகை கேட்கும் கும்பல்களும் உண்டு. வீடு சேர்க்க மாட்டிய அடையாளம் கொள்ளைக்காரனுக்கும் உதவுகிறது.

இன்னொரு கசப்பும் உண்டு. அடிபட்ட புறாவைக் காப்பாற்றி, வளையத்தைப் படித்து, உரியவருக்குப் போன் செய்தால், "தோற்ற புறா எனக்கு எதற்கு?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். முகம் தெரியாதவனுக்காகப் பதிவேடு வைத்த மரபில், ஜெயிக்காத உயிருக்கு இடமில்லை என்கிற கணக்கும் சேர்ந்தே வளர்ந்தது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சான்றிதழ் கேட்கும் அரசுகள்

2020 டிசம்பர் கடைசியில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் களைத்துப்போன புறா ஒன்று இறங்கியது. காலில் நீல வளையம். அமெரிக்காவிலிருந்து வந்தது என்று செய்தி பரவியது. வெளிநாட்டுப் பறவை, நோய் பரவும், கொல்ல வேண்டும் என்றார்கள் தனிமைப்படுத்தல் அதிகாரிகள். பிறகு அமெரிக்கப் புறாப் பந்தய அமைப்பு, அந்த வளையம் போலி, புறா அமெரிக்காவுடையது அல்ல என்றது. உடனே மரண தண்டனை ரத்து! அசல் சான்றிதழ் இருந்திருந்தால் செத்திருக்கும். போலிச் சான்றிதழ் உயிரைக் காப்பாற்றியது.

2020 மே மாதம் ஜம்முவின் கதுவா மாவட்டத்தில் எல்லையோரக் கிராமத்தில் ஒரு புறா பிடிபட்டது. வளையத்தில் சில எண்கள். சங்கேத எண் என்று சந்தேகித்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், சில கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஒரு பாகிஸ்தான் கிராமத்துக்காரர், அது தன் மொபைல் எண் என்றார். தொலைந்தால் கண்டெடுத்தவர் கூப்பிடட்டும் என்று எழுதி வைத்தாராம். காவல்துறை விசாரித்து, சந்தேகப்பட ஒன்றும் இல்லை என்று பறவையை விட்டுவிட்டது.

இந்தியக் காவல்துறைக்குப் புறா புதிதா என்ன? ஒடிசா காவல்துறை 1946 முதல் சேதி கொண்டுபோகப் புறாக்களை வைத்திருந்தது. 1948 ஏப்ரல் 13 அன்று பிரதமர் நேரு சம்பல்பூரிலிருந்து கட்டாக்குக்குப் புறாவில்தான் சேதி அனுப்பினார். 1999 பெரும்புயலில் கம்பித் தொடர்பெல்லாம் அறுந்தபோதும் அந்தப் புறாக்கள் வேலை செய்தன. தன் கூண்டில் இருக்கும்வரை அது அரசு ஊழியர். வேறு ஊர் வளையத்தோடு வந்தால் உளவாளி.

ஒரு போன் செய்தால் தீர்ந்திருக்கும் விஷயத்துக்கு வழக்கு. மும்பைப் புறாவும் எட்டு மாதம் கழித்து விடுதலை ஆனது, தைவானில் உள்ள அதன் கூண்டுக்குத் திரும்பவில்லை. மும்பை வானத்தில்தான் பறக்கவிட்டார்கள். குற்றமே இல்லாமல் உள்ளே வைக்கப்பட்டு, பல மாதம் கழித்து, போய்க்கொள் என்று கதவைத் திறந்துவிடுவதை நாம் வேறு எங்கும் பார்த்ததில்லையா?

உங்கள் மாடியில் இறங்கினால்

வடசென்னையில் ஹோமர் பந்தயம் விடும் இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாளைக்கே உங்கள் ஹாஸ்டல் மாடியில் வளையம் போட்ட புறா ஒன்று அசையாமல் உட்கார்ந்திருக்கலாம். பெரும்பாலும் அதற்கு வேண்டியது ஓய்வுதான். மூக்கை முக்கிக் குடிக்கும் அளவுக்கு ஆழமான கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். உடைத்த சோளம், கம்பு, பச்சைப்பயறு, அரிசி எதுவும் போடலாம். ரொட்டியும் பாலும் வேண்டாம். காற்று வரும் அட்டைப்பெட்டியில், பூனை அண்டாத இடத்தில், ஒன்றிரண்டு நாள் இருக்கட்டும். தெம்பு வந்ததும் தெளிவான காலை நேரத்தில் திறந்த வெளியில் விட்டால் பல புறாக்கள் தாமாகவே கிளம்பிவிடும். அடிபட்டிருந்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வளையத்தில் உள்ள எழுத்து, ஆண்டு, எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். போன் எண் இருந்தால் கூப்பிடுங்கள். இல்லையென்றால் பகுதியில் புறா வளர்ப்பவர்களிடம் விசாரியுங்கள். முழு எண்ணையும் சமூக ஊடகத்தில் போட்டுவிடாதீர்கள். கடைசி மூன்று இலக்கத்தை மறைத்துவிட்டு, உரிமை கேட்டு வருபவரிடம் அதைச் சொல்லச் சொல்லுங்கள். பொய்யாக வருபவர்களை அதிலேயே பிடித்துவிடலாம்.

தோழர்களே, லிக்டர்வெல்டே மளிகைக்கடைக் குடும்பமும் மும்பைக் காவல் நிலையமும் பார்த்தது ஒரே மாதிரிப் பறவையைத்தான். காலில் அடையாளத்தோடு வந்த, தங்களுக்குச் சம்பந்தமில்லாத ஓர் உயிர். அவர்கள் உயிரைக் கொடுத்து அதை வீட்டுக்கு அனுப்பினார்கள். இவர்கள் வழக்குப் போட்டார்கள். பார்க்கிறவர் மனதில் அந்நியரைப் பற்றி முதலிலேயே என்ன எழுதியிருக்கிறதோ, அதைத்தான் அவர் வளையத்திலும் படிக்கிறார். நம் மாடியில் வந்து இறங்குவதிடம் முதலில் தண்ணீரைக் காட்டுவோம். எண்ணை அப்புறம் படிக்கலாம்.